முனகும் மோட்டாரை உடனே நிறுத்துங்கள்

நிலக்கடலையில் விழுது இறங்கும் நாட்களில் மேல்மண் ஈரமாக இருக்க வேண்டும். மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது உள்ளே நுழையாது. நுழையாத விழுது காய் பிடிக்காது. பிறகு எத்தனை தண்ணீர் கட்டினாலும் அந்த நாட்களில் போன காய் திரும்பாது. மக்காச்சோளத்தில் ஆண் பூவும் பட்டுநூலும் வெளிவரும் நாட்கள், நெல்லில் கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரையிலான நாட்கள் எல்லாம் இதே போன்றவைதான்.

‘சரியாகத் தண்ணீர் தேவைப்படும் நேரம் பார்த்து மோட்டார் எரிகிறது’ என்று விவசாயிகள் சலித்துக்கொள்வது உண்டு. இதற்குக் காரணம் நேரம் சரியில்லாதது அல்ல. உங்களுக்குத் தண்ணீர் தேவைப்படும் அதே நாளில்தான் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தேவைப்படுகிறது. ஒரே டிரான்ஸ்பார்மரில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடுகின்றன. அழுத்தம் இறங்குகிறது, காயில் சூடாகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் எங்கள் காட்டில்தான் கற்றேன். முதுநிலை உழவியல் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார், காட்டில் விழுது இறங்கும் பருவத்தில் கடலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட்டர் விழுந்துகொண்டே இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று திருப்புளியை எடுத்து ஓவர்லோட் ரிலேயின் குமிழைக் கடைசி வரை திருப்பிவிட்டேன். அன்று இரவு மோட்டார் விழவே இல்லை. அப்பாவுக்குப் பெருமை. விடியும்போது கொட்டகைக்குள் கருகிய வாடை.

காயில் கட்டி வாங்கி வர ஒன்பது நாள் ஆனது. அறுவடையில் செடியைப் பிடுங்கியபோது, மண்ணைத் தொடாமலே காய்ந்து நின்ற விழுதுகள் செடிக்குச் செடி தெரிந்தன. அப்பா எதுவும் சொல்லவில்லை.

பழுது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பியூஸ் கட்டையின் பிடி தளர்ந்து, அந்த பேஸ் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அதைத்தான் ரிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

மோட்டாருக்குள் மின்சாரமும் காந்தமும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் அந்தக் குமிழை நான் தொட்டிருக்க மாட்டேன். அந்தக் கொஞ்சத்தைத்தான் இங்கே சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால், மெக்கானிக் சொல்லும் அறிவுரைகளுக்கெல்லாம் காரணம் உங்களுக்கே விளங்கிவிடும்.

இரண்டு கண்டுபிடிப்புகள்

1820-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே இருந்த திசைகாட்டியின் முள் திரும்புவதைக் கண்டார். அதாவது, மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டாகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டார்ச் பேட்டரியின் இரு முனைகளையும் சிறு கம்பியால் ஒரு நொடி மட்டும் இணைத்து, கம்பியைத் திசைகாட்டி மேல் பிடியுங்கள். முள் அசையும். பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் முயல வேண்டாம்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தம் தள்ளுகிறது என்பதை 1821-இல் ஒரு கம்பியைச் சுழலவைத்தே காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1831-இல் இதன் மறுபக்கத்தையும் கண்டார். கம்பியைக் கடந்து காந்தப்புலம் நகர்ந்தால், அந்தக் கம்பியில் தானாகவே மின்சாரம் பிறக்கிறது.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும், நகரும் காந்தம் மின்சாரத்தை உண்டாக்கும், இரண்டும் சேர்ந்தால் தள்ளு விசை பிறக்கும். உங்கள் கிணற்று மோட்டாருக்குள் இருப்பது இவ்வளவுதான்.

கம்பி தொடாமல் சுழலும் ரோட்டார்

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே அசையாமல் இருக்கும் பகுதியில்தான் காயில் சுற்றியிருக்கும். நடுவில் சுழலும் ரோட்டாருக்கு வெளியிலிருந்து எந்தக் கம்பியும் போகாது. அதில் இருப்பவை அலுமினியம் அல்லது செம்புப் பட்டைகளும், அவற்றை இரு முனையிலும் இணைக்கும் வளையங்களும் மட்டுமே. மின்சாரமே போகாத ரோட்டார் எப்படிச் சுற்றுகிறது?

திருவிழா ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று பேர் நிற்கிறார்கள். முதலாமவர் தள்ளி முடிக்கும்போது இரண்டாமவர் தள்ளுகிறார், அவர் முடிக்கும்போது மூன்றாமவர். ராட்டினம் சீராகச் சுற்றுகிறது. மும்முனை மின்சாரம் செய்வதும் இதுதான். மூன்று பேஸும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. அதனால் மூன்று காயில்களின் காந்தப்புலமும் சேர்ந்து, மோட்டாருக்குள் வட்டமாகச் சுற்றும் ஒரே புலமாகிறது.

சுற்றும் அந்தப் புலம் ரோட்டார் பட்டைகளைக் கடந்து ஓடுகிறது. ஃபாரடே சொன்னபடி பட்டைகளில் மின்சாரம் பிறக்கிறது. மின்சாரம் ஓடும் பட்டையைக் காந்தப்புலம் தள்ளுகிறது. ரோட்டார் புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. சுற்றும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாருக்கு நிகோலா டெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே டொலிவோ டொப்ரோவோல்ஸ்கி என்ற பொறியாளர் மும்முனை மின்சாரத்தில் ஓடும் கூண்டு ரோட்டார் மோட்டாரைச் செய்தார். இன்று நம் கிணறுகளில் ஓடுவது அந்த வகைதான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. துரத்தும் ரோட்டார் புலத்தை ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் புலம் பட்டைகளைக் கடக்காது, மின்சாரம் பிறக்காது, தள்ளு விசையும் இருக்காது. உங்கள் நீர்மூழ்கி மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 2,880 என்பது போல ஓர் எண் இருக்கும். உள்ளே புலம் சுற்றுவது நிமிடத்துக்கு 3,000 முறை. ரோட்டார் சுற்றுவது 2,880 முறை. இடையில் உள்ள 120 சுற்று வித்தியாசத்தில்தான் தண்ணீர் மேலே வருகிறது.

இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். வித்தியாசம் கூடினால் பட்டைகளில் மின்னோட்டம் கூடும். அதைக் கொடுக்கக் காயிலும் லைனிலிருந்து கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். மோட்டார் எரிவதற்கான பெரும்பாலான காரணங்கள் இதற்குள் அடங்கிவிடும்.

முனகல் ஏன் ஆபத்து?

ரோட்டார் நிற்கும்போது வித்தியாசம் முழு 3,000. எனவே மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஓடத் தொடங்கியதும் சில நொடிகளில் இறங்கிவிடும். ரோட்டார் கிளம்பாமல் நின்றுவிட்டால் இறங்காது. காயிலில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கிய கணக்கில் ஏறும். ஆறு மடங்கு மின்னோட்டம் என்றால் முப்பத்தாறு மடங்கு சூடு. தண்ணீர் வராமல் ‘ம்ம்ம்’ என்று முனகும் மோட்டாரைச் ‘சுற்றிவிடும், பார்ப்போம்’ என்று விட்டுவைப்பவர் காயிலை அடுப்பில் வைக்கிறார்.

முனகலுக்கு முதல் காரணம் ஒரு பேஸ் இல்லாமல் போவது. மூன்று கம்பியில் ஒன்று போனால் இரண்டு பேஸ் மிச்சம் இருக்கிறதே என்று நினைப்போம். மின்சாரம் ஒரு கம்பியில் வந்து மற்றதில் திரும்புவதால், அது ஒரே தள்ளுதான். ராட்டினத்தில் ஒருவர் மட்டும் முன்னும் பின்னும் இழுப்பது போல. நிற்கும் ராட்டினம் அதனால் ஆடும், சுற்றாது. மோட்டாரும் கிளம்பாமல் முனகும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் இன்னும் மோசம். ஓடும் ராட்டினம் அந்த ஒரே இழுப்பிலும் தொடர்ந்து ஓடிவிடும். தண்ணீரும் வரும், உங்களுக்குத் தெரியாது. ஆனால் மூன்று கம்பி சுமந்ததை இரண்டு சுமக்கிறது. முழுச் சுமையில் ஓடும் மோட்டாரில் அந்த இரண்டின் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்காகும், சூடு மூன்று மடங்காகும். எங்கள் மோட்டார் அன்று இரவு முழுவதும் ஓடியது இப்படித்தான்.

அழுத்தம் குறைந்தால்

‘கரண்ட் கம்மியாக வருகிறது, மோட்டார் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டாரின் திருப்பு விசை, அழுத்தத்தின் வர்க்கக் கணக்கில் இறங்குகிறது. 415 வோல்ட்டுக்குப் பதில் 330 வோல்ட் வந்தால் அழுத்தத்தில் குறைவு ஐந்தில் ஒரு பங்குதான். திருப்பு விசையோ நூற்றுக்கு அறுபத்து நான்காகிவிடும். தூக்க வேண்டிய தண்ணீரின் சுமை அநேகமாக அப்படியே இருக்கிறது. ரோட்டார் பின்தங்குகிறது, வித்தியாசம் கூடுகிறது, மின்னோட்டம் ஏறுகிறது. கால் பங்கு ஏறினாலே சூடு ஒன்றரை மடங்குக்கு மேல். இப்படி ஓடும் மோட்டார் அன்றே எரியாது. ஆனால் காயிலின் காப்புப் பூச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வறுபடுகிறது. வழக்கமான அளவைவிட ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின் பொறியாளர்களின் பொதுக் கணக்கு.

மூன்று பேஸிலும் அழுத்தம் ஒன்றுபோல இல்லாததும் கெடுதல்தான். அழுத்தத்தில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு, மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீத ஏற்றத்தாழ்வாக வெளிப்படும்.

கண்டென்சர் இரண்டு வகை

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

முதலாவது, மும்முனை வராத நேரத்தில் மோட்டாரை ஓட்டப் போடும் கண்டென்சர். இல்லாத மூன்றாவது பேஸுக்குப் பதிலாக, இருக்கும் மின்சாரத்தையே நேரம் தள்ளிக் கொடுத்துப் போலியாக ஒரு தள்ளு உண்டாக்குகிறது. அந்தத் தள்ளு சரியான நேரத்திலும் சரியான அளவிலும் இருப்பதில்லை. ஒரு காயில் அளவுக்கு மீறிச் சுமக்கும். ஆபத்துக்கு ஒருநாள் ஓட்டியவர் அதையே வழக்கமாக்கிவிட்டால், மிச்சப்படுத்திய நேரத்தையெல்லாம் ஒருமுறை காயில் கட்டும் நாட்களில் இழந்துவிடுவார். அந்த லைனில் உள்ள மற்றவர்களுக்கும் அழுத்தம் இறங்கும்.

இரண்டாவது, மும்முனையில் ஓடும்போதே மோட்டாருக்கு இணையாகப் போடும் கெபாசிட்டர். இது நல்லது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தண்ணீர் தூக்குவதற்கு அல்ல, காந்தப்புலத்தை உண்டாக்கி நிறுத்துவதற்கு மட்டுமே. அது டிரான்ஸ்பார்மருக்கும் மோட்டாருக்கும் இடையே வீணாகப் போய் வந்துகொண்டிருக்கும். கெபாசிட்டர் அந்தப் பகுதியைக் கொட்டகையிலேயே கொடுத்துவிடும். லைனில் ஓடும் மின்னோட்டம் குறையும், அதனால் அழுத்தம் இறங்குவதும் குறையும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 2 கே.வி.ஏ.ஆர். அளவு போதும். ஸ்டார்ட்டர் நின்றால் அதுவும் துண்டிக்கப்படும்படி, மோட்டார் பக்கத்தில் இணைக்க வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லோரும் போட்டால்தான் முழுப் பலன் தெரியும்.

எல்லோரும் ஒரே நொடியில்

மும்முனை வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இப்போது பல காடுகளில் உண்டு. இரவில் எழுந்து போக வேண்டியதில்லை. ஆனால் பத்து மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால், ஒவ்வொன்றும் ஆறு மடங்கு இழுக்கும். டிரான்ஸ்பார்மர் தாங்காமல் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்ததால் எதுவும் சட்டென்று வேகம் பிடிக்காது, எல்லாம் சேர்ந்து முனகும்.

இதற்குத் தீர்வு பணம் அல்ல, பேச்சு. ஒரு மாலை உட்கார்ந்து பேசி, ஆட்டோவில் உள்ள டைமரை ஒருவர் 2 நிமிடம், அடுத்தவர் 4 நிமிடம், அதற்கடுத்தவர் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் கூட்டங்களில் இதை எடுத்துச் செய்தால், கூட்டத்துக்கு வந்த பத்துப் பேருக்கும் அன்றே பயன்.

கம்பியை வெட்டாமல் நோயைக் காண

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல, மோட்டாருக்கு டாங் டெஸ்டர். கம்பியைச் சுற்றி அதன் வாயை மூடினால் போதும், ஓடும் ஆம்பியர் தெரியும். கம்பியை வெட்ட வேண்டாம், தொட வேண்டாம். ஓர்ஸ்டெட் கண்ட அதே காந்தப்புலத்தைத்தான் அது அளக்கிறது.

மோட்டார் ஓடும்போது எலக்ட்ரீசியனை விட்டு மூன்று கம்பியையும் ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாகவும், பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். மூன்றும் சமமாக, ஆனால் அதிகமாக இருந்தால், அழுத்தம் குறைவு அல்லது பம்பில் மணல், தேய்மானம் போன்ற சுமை. ஒன்று மட்டும் வேறுபட்டால், கோளாறு லைனிலா மோட்டாரிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, மூன்று மோட்டார் கம்பிகளையும் ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு இடம் தள்ளி வரிசை மாறாமல் மாட்டச் சொல்லுங்கள். சுழலும் திசை மாறாது. மீண்டும் அளந்தால், அதிக ஆம்பியர் அதே லைனில் இருந்தால் கோளாறு வரும் மின்சாரத்தில். மோட்டார் கம்பியோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு காயிலில் அல்லது கேபிளில். காரணமில்லாமல் போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே தூக்கும் செலவை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும்.

லைன் வேலை நடந்த பிறகு தண்ணீர் திடீரெனக் குறைந்தால் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பேஸ் இடம் மாறினால் காந்தப்புலம் எதிர்த்திசையில் சுற்றும், பம்பும் தலைகீழாகச் சுற்றித் தண்ணீரைக் குறைக்கும். ஏதேனும் இரண்டு கம்பியை மாற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

மறக்கக் கூடாதவை

* ஓவர்லோட் ரிலேயைப் பெயர்ப்பலகை ஆம்பியருக்கு வைத்து, பிறகு தொடாதீர்கள். அது விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

* பியூஸில் அளவான கம்பி மட்டுமே போடுங்கள். பியூஸ் கட்டை, ஸ்டார்ட்டர், கேபிள் இணைப்புத் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு பட்டத்துக்கு முன்பும் மெயினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

* சிங்கிள் பேஸ் பிரிவென்டரும், தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் டிரை ரன் கருவியும் பொருத்துங்கள். நீர்மூழ்கி மோட்டாருக்கு அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் குளிர்ச்சி.

* வோல்ட் மீட்டர் 350-க்குக் கீழே காட்டினால் மோட்டாரைப் போடாதீர்கள். சிறிது நேரம் பொறுங்கள்.

* ஸ்டார்ட்டர் தானாக விழாதபடி கட்டை செருகுவதும் கயிறு கட்டுவதும் வேண்டாம். மின்சாரம் போனதும் அதை விழவைப்பது உள்ளே இருக்கும் சிறு மின்காந்தம். அது உங்கள் காவலாளி.

* மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி இரண்டுக்கும் எர்த் இருக்கட்டும். ஆர்.சி.சி.பி. பொருத்துவது உயிருக்குக் காப்பு. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உங்கள் உடல் வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் சமநிலை கெட்டு, கருவி கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

எங்கள் கொட்டகையில் இப்போது ரிலே குமிழின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருக்கிறது. அப்பா போட்டது. அந்தக் கோட்டைத் தாண்டித் திருப்பக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன் உங்கள் கொட்டகைக்குள்ளும் ஒருமுறை போய், பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரையும் ரிலே காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருக்கவில்லை என்றால், எலக்ட்ரீசியனுக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, உழவியல்.